பீப்பிக் குருவி

1

இந்தச் செப்டம்பரோடு நாங்கள் மெல்பர்னுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. மனைவி செல்வி சேமியா பாயசம் வைத்தாள். மகள் இனியா நின்றபடியே இரண்டு கரண்டி குடித்துவிட்டு, ‘ஹேப்பி ஆனிவர்சரி டு அஸ்’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சத்தை நான்தான் மறுநாள் வேலைக்கு டப்பாவில் கொண்டுபோனேன்.

ஊரிலிருக்கும் நண்பர்கள் சிலர் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள், அந்த நாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதேன் என்று. நல்லதாக எழுத ஒன்றும் அகப்படாததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால் சிலரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினான்கு வருடம் நான் அமெரிக்க இலக்கியம் நடத்தினேன். அதில் ஒரு தவறை வருடம் தவறாமல், குரலை உயர்த்தி, கையை ஆட்டி, நடித்துக் காட்டிப் பாடமாக எடுத்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பெரிய மனது பண்ணி மன்னிக்கவும். அவர்களில் பாதிப் பேர் இப்போது ஆசிரியர்களாக இருப்பார்கள் என்பதுதான் என் பயம்.

2

எங்கள் பாடத்திட்டத்தில் வசந்தம் எப்போதும் கடைசி யூனிட்டில்தான் வரும். அதாவது மார்ச் கடைசியும் ஏப்ரலும். நம் பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். தோல் உரிகிற வெயிலுக்கு யார் அப்படி ஒரு செல்லப் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. வகுப்பில் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றும். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, நான் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பனி உருகுவதைப் பற்றிப் பேசுவேன்.

பனி என்றால் மார்கழிக் காலையில் சைக்கிள் சீட்டில் இருக்கும் ஈரம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். அங்கே அது மாதக்கணக்கில் தரையை மூடிக் கிடக்கும், குளம் கல்லாகிப்போகும், ஒருநாள் அந்தக் கல்லில் விரிசல் விழுகிற சத்தம் கேட்கும் என்பேன். எனக்கும் எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் சொல்லும்போது எனக்குக் கை குளிரும். பொய்யில்லை.

அமெரிக்கர்களின் வசந்தம் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் காதுக்கு வந்துவிடும் என்று நான் சொல்வது வழக்கம். அத்தனை மாதம் எந்தச் சத்தமும் இல்லாமல் கிடந்தவர்களுக்கு முதல் குரல் எதுவோ அதுதான் வசந்தம். கவிஞர்கள் அதைக் கேட்டு எழுதினார்கள். இசை தெரிந்தவர்கள் அதைப் பியானோவில் தேடிப் பார்த்தார்கள். காட்டோரமும் பண்ணையிலும் தனியாகக் குடியிருந்து இயற்கையைப் பற்றி எழுதியவர்கள், எந்தத் தேதியில் எந்தக் குரல் முதலில் கேட்டது என்று வருடா வருடம் டைரியில் குறித்து வைத்தார்கள். அதெல்லாம் குஷியான எழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். பல கவிதைகளில் அந்த வருடம் யாரோ ஒருவர் இறந்துபோயிருப்பார். அது தெரியாமல் குளத்தங்கரையில் ஒன்று பாடிக்கொண்டிருக்கும். பாட்டு நன்றாக இருப்பதுதான் கேட்கிறவருக்குத் தாங்காது. இந்த இடத்தை நடத்தும்போது முன் வரிசைப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வியர்வையாகவும் இருந்திருக்கலாம்.

அந்த டைரிக்காரர்களின் எழுத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘பீப்பர்ஸ்’. பனி உருகிய சில நாளில், பொழுது சாய்கிற நேரம், ஈர நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான பீப்பர்கள் ஒன்றாகப் பாடத் தொடங்கும் என்று எழுதுவார்கள். முதல் வருடம் இதை நடத்தியபோது கடைசி வரிசையில் ஒரே சிரிப்பு. ஆங்கிலத்தில் ‘பீப்’ என்றால் ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பது. ‘யார சார் எட்டிப் பாக்கான்?’ என்று ஒருவன் எழுந்து கேட்டான். வகுப்பு கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. சட்டென்று எனக்குத் திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கி ஊதுகிற பீப்பி ஞாபகம் வந்தது.

‘ஏல, எட்டிப் பாக்கல. பீப்பி ஊதுது. பீப்பி ஊதுற மாதிரி பாடுற ஒரு சின்னக் குருவி. எழுதிக்கோங்க’ என்றேன்.

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டாமல் இல்லை. கோழிக்குஞ்சு கீச்சிடுவதற்கும் ‘பீப்’ என்றுதான் போட்டிருந்தது. அப்புறம் என்ன, குருவிதானே என்று மூடி வைத்துவிட்டேன். அன்று முதல் அது பீப்பிக் குருவி. வருடா வருடம் இரண்டு விரலை உதட்டில் வைத்து அதன் குரலை ஊதிக் காட்டுவேன். வராந்தாவில் நான் போகும்போது பின்னால் யாராவது ‘பீ’ என்பார்கள். கல்லூரிக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடையில் என் குறிப்புகளுக்கு ‘பீப்பி சார் நோட்ஸ்’ என்றே பெயர். அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

3

செல்வி நர்ஸ். விசா அவளுக்குத்தான் கிடைத்தது. அவளுடைய விண்ணப்பத்தில் நான் ‘டிபென்டன்ட்’, அதாவது அவளை அண்டியிருப்பவன். ஐந்து வயது இனியாவுக்கும் எனக்கும் ஒரே வார்த்தைதான் போட்டிருந்தது.

இங்கே பள்ளியில் பாடம் எடுக்கலாம் என்று ஆசையாக விண்ணப்பித்தேன். பட்டங்களை எல்லாம் அனுப்பச் சொன்னார்கள். மூலப் பிரதி வேண்டும் என்றார்கள், பிறகு நகல் வேண்டும் என்றார்கள், நகலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டார்கள். கடைசியில் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. பதினான்கு வருடம் ஆங்கில இலக்கியம் நடத்தியவனுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று பார்க்க வேண்டுமாம். எழுதினேன். படிப்பதிலும் எழுதுவதிலும் தேறிவிட்டேன். காதால் கேட்டுப் பதில் எழுதுகிற பகுதியில் அரை மதிப்பெண் குறைந்துபோனது. ஒலிப்பதிவில் ஒரு பெண் தன் தெருப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவள் ‘ஏ’ என்றது எனக்கு ‘ஐ’ என்று கேட்டது. இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது முறையும் அதே அரை மதிப்பெண். மூன்றாவது முறை எழுத மனம் வரவில்லை.

இப்போது வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. காதில் ஹெட்செட் மாட்டிவிடுவார்கள். எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து அடுக்க வேண்டும். கேட்பதில் தேறாதவனுக்கு நாள் முழுக்கக் கேட்கிற உத்தியோகம்.

அங்கே எனக்கு வாய்த்த ஒரே பேச்சுத் துணை அந்தோணி அண்ணன். மன்னார்க்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இங்கே வசந்தம் தொடங்குகிற செப்டம்பரில், எங்கள் கார் நிறுத்துமிடத்தில் மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டும். குஞ்சுக்குப் பக்கத்தில் யார் போனாலும் பின்னாலிருந்து பாய்ந்து மண்டையில் கொத்தும்.

‘தம்பி, தலையைக் குனிஞ்சு கொண்டு வாரும். போன கிழமை என்ர காதைக் கொத்திப் போட்டுது’ என்று அண்ணன் தூரத்திலிருந்தே கத்துவார்.

‘இதுதான் அண்ணே இந்த ஊரு வசந்தம்.’

‘ஓம், ஓம். உம்மட அமெரிக்காக்காரன் இஞ்ச வந்திருந்தால் பாட்டு எழுதியிருக்க மாட்டான். தொப்பி வாங்கியிருப்பான்.’

அவரிடம் மட்டும்தான் என் பழைய பாடங்களைப் பற்றிப் பேசுவேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் பொறுமையாகக் கேட்பார். பாதி காதில் விழாது. ஃபோர்க்லிஃப்டில் இருந்து இருந்து அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

4

இனியாவுக்கு இப்போது பதினாறு. எட்டு வயது வரைக்கும் எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் வருவாள். நிலா ஏன் கூடவே வருது, ஏன் இங்க நாய்க்குச் சட்டை போடுறாங்க, ஆறு ஏன் கடல்ல போய் விழுது. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை மறுநாள் பார்த்துவந்து சொல்வேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒருநாள் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவது பெரும்பாலும் என்னைத் திருத்துவதற்காக. கடைக்காரரிடம் நான் ‘ரிவர்ட் பேக்’ என்று சொன்னால், அவர் முன்னாலேயே ‘ஜஸ்ட் ரிவர்ட், அப்பா’ என்பாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு நாங்கள் சிட்னி போனபோது, வழி முழுக்கப் பத்து மணி நேரம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

பள்ளியில் அவள் பாடகர் குழுவில் இருக்கிறாள். ஜூலையில் ஒரு அமெரிக்க வசந்தப் பாட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பனி உருகுகிறது, ஓடை பேசுகிறது என்று போகும். கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். என் காலடிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கக் கற்றுக்கொண்டேன்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சோபாவில் கண்ணயர்ந்திருந்தபோது அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

‘அப்பா, யூ யூஸ்ட் டு டீச் அமெரிக்கன் லிட், ரைட்?’

நான் எழுந்து உட்கார்ந்தேன். இலக்கிய வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். அவள் எடுத்திருந்த தலைப்பு, அமெரிக்கக் கவிதையிலும் இசையிலும் இயற்கை எழுத்திலும் வசந்தமும் பாட்டும். என் கடைசி யூனிட் அப்படியே நடந்து வந்து என் வீட்டுக் கூடத்தில் நின்றது போலிருந்தது.

‘அவளே வந்து கேக்கா. முழிச்சிட்டு இருக்கீங்க? சொல்லிக் குடுங்க’ என்று சமையலறையிலிருந்து செல்வி சத்தம் போட்டாள்.

கராஜில் கிடந்த பெட்டியைத் திறந்து என் பழைய குறிப்புகளை எடுத்தேன். முகம் கழுவிவிட்டு இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன். செல்வி பார்த்துச் சிரித்தாள், ‘கிளாஸுக்குக் கிளம்பியாச்சா?’ என்றாள். இரண்டு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில், இனியா லேப்டாப்பில் தட்டிக்கொண்டே கேட்க, நான் நின்றுகொண்டு நடத்தினேன். உட்கார்ந்துகொண்டு நடத்த எனக்கு வராது. இடையிடையே அவள் கேள்வி கேட்டாள். ஏன் இந்தக் கவிதைகளில் வசந்தம் இவ்வளவு சோகமா இருக்கு என்று கேட்டாள். பதினான்கு வருடத்தில் ஒரு மாணவரும் கேட்காத கேள்வி. அன்று ராத்திரி செல்வியிடம் நாலு தடவை அதைச் சொன்னேன்.

பீப்பர்ஸ் வந்தபோது வழக்கம்போல விரலை உதட்டில் வைத்து ஊதிக் காட்டினேன். இனியா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

‘சோ, இட்ஸ் எ பேர்ட்?’

‘ஆமா. சின்னக் குருவி. பீப்பிக் குருவி.’

‘ஓகே’ என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டினாள்.

பேச்சு முடிந்த அன்று வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அவளிடம் போனேன்.

‘எப்படிம்மா போச்சு?’

‘குட் பா.’

‘பீப்பிக் குருவி சொன்னியா?’

‘ம். எவ்ரிஒன் லவ்ட் இட்.’

அந்த வாரம் முழுக்க ஹெட்செட்டில் வந்த எண்களை நான் பாட்டாகவே திருப்பிச் சொன்னேன். சூப்பர்வைசர் வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

5

அக்டோபரில் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. இங்கே அது பத்து நிமிடம். பிள்ளையும் கூடவே உட்கார வேண்டும். செல்விக்கு அன்று மத்தியான ஷிஃப்ட், நான் மட்டும் போனேன். அதே சட்டை. பள்ளி ஜிம்மில் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். இலக்கிய ஆசிரியை இளம்பெண், சிரித்த முகம். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

‘இனியாவின் பேச்சுதான் வகுப்பிலேயே சிறந்தது’ என்றார். ‘அதிலும் அந்தத் தவளைப் பகுதி இருக்கிறதே, இன்னும் என் காதில் இருக்கிறது.’

‘எந்தத் தவளை?’ என்றேன்.

‘பீப்பர்ஸ். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒலிப்பதிவைப் போட்டாள். இது என்ன என்று கேட்டாள். எல்லோரும் பறவை என்றோம். நானும்தான். அப்புறம் படத்தைக் காட்டினாள். விரல் நகத்தளவு ஒரு தவளை.’

ஆசிரியை பாவம், இளம் வயது, தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மாணவர்களைத் திருத்தும்போது வருகிற அந்தப் பழைய சிரிப்பு எனக்கு வந்துவிட்டது.

‘மன்னிக்க வேண்டும். அது தவளை இல்லை. பறவை. சின்னப் பறவை.’

ஆசிரியையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் இனியாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

‘ஹி இஸ் ஜோக்கிங், மிஸ்’ என்றாள். ‘டாட் ஜோக்.’

சொல்லும்போதே மேசைக்கு அடியில் அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. அவள் என் கையைத் தொட்டு எத்தனை வருடம் இருக்கும்! அந்த அழுத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சிரித்தேன். ஆசிரியையும் நிம்மதியாகச் சிரித்தார். மூன்று பேரும் தேவைக்கு மேலேயே சிரித்தோம்.

‘உங்களுக்கும் இலக்கியத்தில் ஆர்வம் உண்டா?’ என்று ஆசிரியை மரியாதைக்குக் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, நான் என்ன வேலை பார்த்தவன் என்று இனியா அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

‘கொஞ்சம்’ என்றேன். ‘வேர்ஹவுஸில் வேலை.’

‘அந்த வேலைக்கு நடுவிலும் மகளுடைய படிப்பில் அக்கறை காட்டுகிறீர்கள். குட் ஆன் யூ’ என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

6

திரும்பி வரும் வழியில் இனியா காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே தமிழில் சொன்னாள்:

‘அந்த ஜோக் நல்லா இருந்துச்சு பா.’

‘ம்’ என்றேன்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, கராஜில் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஃபோனில் தேடினேன். ஒரு நொடியில் வந்துவிட்டது. நகத்தளவு தவளைதான். தொண்டை மட்டும் பபிள்கம் மாதிரி உப்பி உப்பி அடங்குகிறது. சத்தத்தைப் போட்டுக் கேட்டேன். பதினான்கு வருடம் நான் விரலை வைத்து ஊதிக் காட்டியது இதற்குப் பக்கத்தில்கூட வராது.

எனக்கு ஏன் ஒருநாளும் தவளை என்று தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நமக்குக் குயில் கூவும், கிளி பேசும், தவளை கத்தும். மழைக்கு முன்னால் கத்தும், மழை முடிந்தும் கத்தும், தூங்க விடாது. அதைப் போய் ஒருவன் வருடம் முழுக்கக் காத்திருந்து கேட்பான், பாட்டு என்று எழுதுவான், அதைப் படித்து இன்னொருவன் அழுவான் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஈர நிலம் என்று எழுதியிருந்தார்கள், பொழுது சாய்கிற நேரம் என்று எழுதியிருந்தார்கள், நூற்றுக்கணக்கில் என்று எழுதியிருந்தார்கள். வரிக்கு வரி தவளை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பாடுகிறது என்று ஒரு வார்த்தை வந்துவிட்டதால் நான் அதற்குச் சிறகு முளைக்க வைத்துவிட்டேன்.

தவறு செய்ததில் வெட்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறையவே இருக்கிறது. ஆனால் அன்று கராஜில் என்னை உட்கார வைத்தது அது இல்லை. கடைக்காரர் முன்னால் என் ஆங்கிலத்தைத் திருத்துகிற பெண் இவள். என் உச்சரிப்பை, என் சட்டைக் காலரை, நான் ஃபோனில் ‘ஹலோ’ சொல்வதைக்கூடத் திருத்துகிறவள். இதை மட்டும் திருத்தவில்லை. அந்த ஞாயிறே தேடிப் பார்த்திருப்பாள். தவளை என்று மாற்றிக்கொண்டு, எனக்குக் குருவி என்று சொல்லிவிட்டாள். அப்பா தாங்கிக்கொள்வார் என்று நினைத்தவரைக்கும் திருத்தினாள். இதைத் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என் மகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள். அவள் என்னை மட்டம்தட்டிப் பேசும்போதெல்லாம் இவ்வளவு வலிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். சத்தமாக இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

‘ஐயோ தம்பி! தவளையைக் குருவியாக்கிப் போட்டீரே!’ என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு, ‘என்ர மகன் என்னைத் திருத்திறதும் இல்லை, என்னோட கதைக்கிறதும் இல்லை. கிறிஸ்மஸுக்கு வாறன் எண்டு மெசேஜ் போடுவான், வரமாட்டான். உமக்கெண்டு பொய் சொல்ல ஒரு பிள்ளை இருக்கு. சாப்பிடும்’ என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கு நடப்பது எனக்கும் நடக்கத் தொடங்கியிருக்கிறது, கொஞ்சம் மரியாதையாக நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

7

போன புதன்கிழமை நான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். செல்வி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இனியா அறையிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். லேப்டாப் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள்.

‘அப்பா, அதே டாபிக்ல எஸ்ஸே எழுதணும். எல்லாப் போயம்லயும் ராபின் வருது. அது நம்ம ஊர்ல எந்தப் பறவை மாதிரி இருக்கும்?’

தமிழில் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். ஒரு முழு வாக்கியத்தை அவள் என்னிடம் தமிழில் கேட்டு எத்தனையோ நாளாகிறது. ராபின் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அறையிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ‘நீயே பாத்துக்கோம்மா, அப்பாவுக்குச் சரியாத் தெரியல’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் நேர்மை. அவளும் தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்பாள், அதோடு முடிந்திருக்கும்.

முடிந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பயம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு எதிரில் போய் நின்றேன்.

‘ராபின்னா, நம்ம சிட்டுக்குருவி சைஸ்ல இருக்கும்மா. நெஞ்சு மட்டும் நல்ல செவப்பு. பனி முடிஞ்சு அது வாசல்ல வந்து உக்காந்தாத்தான் அவங்களுக்கு வசந்தமே வந்த மாதிரி’ என்று தொடங்கினேன். அது எந்தெந்தக் கவிதையில் எப்படி வருகிறது, பாட்டு எழுதியவர்கள் அதன் குரலை எப்படி எடுத்துக்கொண்டார்கள், டைரிக்காரர்கள் அது வந்த தேதியை ஏன் அடிக்கோடிட்டார்கள் என்று பத்து நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டேன். தோசை ஆறிப்போயிற்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள்.

‘சரி, எழுதினதப் படி பாப்போம்’ என்றேன். வகுப்பில் கடைசியில் அப்படிச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

அவள் நிமிரவில்லை. நோட்டைப் பார்த்தபடி மெதுவாகப் படித்தாள்.

‘ராபின். நெஞ்சு செவப்பு. ஏறக்குறைய நம்ம மைனா சைஸ்.’

அடுப்படியில் செல்வி கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிட்டுக்குருவி என்று சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

‘கரெக்டா பா?’ என்றாள் இனியா.

‘ஆமா’ என்றேன். ‘அப்படித்தான் சொன்னேன்.’